மிஸஸ் பழனி

...கேட்கத்தான் போகிறார்கள், கேட்காமல் விட அவர்களுக்குக் கண் இல்லையா என்ன, விண்ணப்பத்தில் எம். சொர்ணவல்லி, சர்டிபிகேட்டில் மிஸஸ் பழனி, ஊர் உலகத்தில் எந்தப் பொம்பளைக்காவது கடல் தாண்டிப் போன இடத்தில் புருஷன் பெயர் மாறிப்போயிருக்கிறதா, இவளுக்கு மாறிப்போயிருக்கிறது, எல்லாம் இவள் வாய் செய்த வேலை, இல்லை, வாய் செய்யாத வேலை... நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடிக்குப் போகும் எட்டரை மணி பஸ்ஸில் சொர்ணவல்லி மடியிலிருந்த நீளக் கவரை நான்காவது தடவையாகத் திருப்பி வைத்தாள். பக்கத்தில் வெளுத்த சட்டையும் புது வேட்டியுமாகக் கணவர். அவர் பெயரை அவள் சொல்ல மாட்டாள், நாம் சொல்லிவிடலாம், மலையாண்டி. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் தச்சுப் பிரிவில் வேலை, இவளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போக இன்றைக்கு அரை நாள் லீவு. "என்ன, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு வாரே, பயமா இருக்கா?" என்றார். "இல்லீங்க, சொல்லிப் பாத்துக்கிட்டேன்" என்றாள். "சத்தமாச் சொல்லேன், நானுந்தான் கேக்குறேன், எட்டு மாசம் பினாங்குல இருந்து கொண்டாந்த இங்கிலீசு, வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல ஒரு வார்த்தை காதுல விழலையே." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பொட்டலில் ஆடுகள் மேய்ந்தன, காற்று நன்றாக வந்தது, பயமாக இருக்கிறதே தவிர மனம் என்னவோ நிறைந்துதான் கிடந்தது, பக்கத்தில் அவர் தோள் இருக்கிறது, எட்டு மாதம் இல்லாத தோள்.

போகச் சொன்னதே அவர்தானே. போன வருஷம், அறுபத்தைந்தில், கன்னிமார் மடத்துக்காரர்கள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், படிப்பெல்லாம் சரி, டிரெயினிங் சரி, பேச்சு மட்டும் வரவில்லையே அம்மா, பழகிக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று மதர் அனுப்பிவிட்டார். வீடு வந்து அழுதவளைப் பார்த்து, அழுதா இங்கிலீசு வந்துருமா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே பினாங்கிலிருந்த அவள் மாமா ஆசைத்தம்பிக்குக் கடிதம் எழுதியவர் அவர். மாமாவுக்கு அங்கே நகை வேலை, தெரிந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி குழந்தைகள் பள்ளி நடத்துகிறாள், உதவிக்கு ஆள் வேண்டும், சம்பளம் கொஞ்சம்தான், சாப்பாடும் படுக்கையும் நம் வீட்டில் என்று பதில் வந்தது. பொண்டாட்டியைத் தனியாகக் கப்பலேற்றுகிறான் பார் என்று சொந்தபந்தம் வாய்க்கு வந்தபடி பேசியது, பேசுறவுக பேசட்டும், நீ போயிட்டு வா என்றார். நாகப்பட்டினத்தில் டெக்கு டிக்கெட், பாய் ஒன்று, எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி, ஏழு நாளும் வாந்தி. இறங்கிப் பார்த்தால் இங்கிலீஷ் எங்கே இருக்கிறது? மாமா வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கோயிலில் தமிழ், மார்க்கெட்டில் மலாயும் சீனமும், அக்கம்மாள் அத்தை வைக்கும் குழம்புகூட காரைக்குடிக் குழம்பு. காலை எட்டிலிருந்து ஒன்று வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இங்கிலீஷ். அந்த ஐந்து மணி நேரம் போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸுக்குக் கொடுக்காமல் மூன்று மைல் நடந்து போய், சம்பளமில்லாமல் பெஞ்சு துடைத்தாள், எதற்கு, அங்கேயே குடியிருந்த அந்த வெள்ளைக்காரம்மா தன் பூனையிடம் பேசுவதைக் கேட்கத்தான். வறுகடலை மடித்த பேப்பரைக்கூட விடவில்லை, கடலையை அத்தை தின்பாள், காகிதத்தை இவள் படிப்பாள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதல் நாள்தான் அது நடந்தது. ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு, உன் கணவர் பெயர் என்ன என்றாள் அந்தம்மா. கேள்வி புரிந்தது, பதிலும் தெரியும், சொல்ல நாக்கு எழவில்லை. நம் ஊரில் இது ஒரு கஷ்டமா? ரேஷன் கார்டு எழுத வந்த கணக்கப்பிள்ளைக்கு, சாமி பேரா, எந்த ஊர்ச் சாமி, கையில வேலா சூலமா என்று மூன்று கேள்வி போதும், எந்த வீட்டுக்காரர் பெயரையும் கண்டுபிடித்து எழுதிவிடுவார், கொடுக்கிற பொம்பளைக்கும் மானம் போகாது, எழுதுகிறவருக்கும் வேலை நடந்துவிடும். அந்த ஞாபகத்தில் இவளும் சொல்லிவைத்தாள், பழனி மேடம், பழனி ஹில், காட் ஸ்டாண்டிங், சேம் நேம் என்று. அந்தம்மாவுக்குக் கணக்கப்பிள்ளை மூளை எங்கே இருக்கிறது, பழனி என்று எழுதி மூடிவிட்டாள். மறுநாள் காலையில் முப்பது குழந்தைகள் எழுந்து நின்று, குட்மார்னிங் மிஸஸ் பழனி! மாமா வீட்டில் சொன்னபோது அத்தை சிரித்த சிரிப்பில் உலை பொங்கி அடுப்பு அணைந்தது. திருத்தியிருக்கலாமே, ஏன் திருத்தவில்லை? முதல் வாரம் திருத்துகிற அளவுக்கு இங்கிலீஷ் இல்லை. இங்கிலீஷ் வந்தபோது... வந்தபோது மனசு வரவில்லை, அதுதான் நிஜம். திருத்த வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது கிழவிகள் கட்டிய கதை என்று படித்தவளுக்குத் தெரியாதா, தெரியும், ஆனாலும் அவர் அங்கே இருக்க, நடுவில் இத்தனை தண்ணீர் கிடக்க, எதற்கு வம்பு?

இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொல்லாதது. இந்த மிஸஸ் பழனி கெட்டிக்காரி. சொர்ணவல்லி நாலு பேர் நடுவில் தலை நிமிர மாட்டாள், மிஸஸ் பழனி பள்ளிக்கூடத்துக்கு வரும் பால்காரனிடம் தண்ணீர் கலந்திருக்கிறாய் என்று இங்கிலீஷில் சண்டை போட்டாள், சேட்டைக்காரப் பையன்களை ஒரு அதட்டலில் உட்கார வைத்தாள், தப்பும் தவறுமாக வாய் ஓயாமல் பேசினாள், பேசப் பேசத் தப்பு குறைந்தது. அப்படியென்றால் இங்கிலீஷ் யாருடையது? கப்பலை விட்டு இறங்கியதும் அவளோடு அதுவும் போய்விட்டதா, அதனால்தான் வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லையா? காரைக்குடியில் இறங்கி நடக்கும்போதும் இதே யோசனை. இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் மூன்றாம் தடவை யார் கூப்பிடுவார்கள், பினாங்கு அம்மா எழுதிக் கொடுத்த அந்தச் சர்டிபிகேட் யாருடையதோ என்று மதர் நினைத்துவிட்டால் வேலையும் போச்சு, எட்டு மாதமும் போச்சு, அத்தனை பேர் பேச்சைத் தாங்கிக்கொண்ட இந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பாள்? அவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், எப்படிச் சொல்வது, உங்க பேரை மாத்தி எழுதிப்புட்டாக என்றா?

பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சில் அவர் உட்கார்ந்துகொண்டார். "உள்ள போ, நான் இங்குட்டுத்தான் இருக்கேன்." கதவுக்குப் பதில் ஒரு திரை மட்டும். உள்ளே வெள்ளைக்கார மதர், மூக்குக்கண்ணாடி, மேஜையில் கவரைப் பிரித்து வைத்தார். பிரயாணம் எப்படி, பினாங்கு எப்படி, எல்லாவற்றுக்கும் எஸ் மதர், எஸ் மதர், போச்சு, போன வருஷத்துக் கதைதான்... பிறகு மதர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யார் இந்த மிஸஸ் பழனி? நான்தான் மதர். உன் விண்ணப்பத்தில் எம் அல்லவா இருக்கிறது, உன் கணவர் பெயர் பழனியா? இல்லை மதர். அப்படியானால் இது உன்னுடைய சர்டிபிகேட்தானா? கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது, இவளுக்குச் சுரீர் என்றது. திருடியா நான்? மூன்று மைல் நடந்த கால் இது, பெஞ்சு துடைத்த கை இது! எங்கிருந்து வந்ததோ தெரியாது, வந்தது, அணை திறந்த மாதிரி இங்கிலீஷ், எங்கள் ஊரில் பெண்கள் இப்படி மதர், ரேஷன் கார்டு இப்படி எழுதுவார்கள் மதர், பழனிமலையில் சாமி நிற்கிறார் மதர், அந்தப் பூனையின் பெயர் ஜிஞ்சர் மதர், வேண்டுமானால் கடிதம் எழுதிக் கேளுங்கள்... மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது, பேசிக்கொண்டிருப்பது மிஸஸ் பழனி இல்லை, சொர்ணவல்லிதான், சொர்ணவல்லியின் கோபம், சொர்ணவல்லியின் கை ஆட்டம். மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் ரேஷன் கார்டு எழுதுபவள் இல்லை, அந்தச் சாமியையும் எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும், பெயர் என்ன? மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்... முருகா, அவருக்கு ஒன்றும் வரக் கூடாது... "மலையாண்டி."

நன்றாகத்தான் வந்தது, உரக்கவே வந்துவிட்டது. அடுத்த நொடி திரை விலகியது, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். "எஸ் மதர்" என்றார், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதுதான். மதர் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையை ஆட்டினார், பிறகு இவளிடம், திங்கட்கிழமை எட்டு மணி, சின்ன வகுப்பு, தாமதம் கூடாது என்றார்.

கேட்டைத் தாண்டியதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "பாத்தியா, வெள்ளைக்காரவுக என் பேரை எம்புட்டுச் சுத்தமாச் சொல்றாக! ஒர்க்‌ஷாப்புல அத்தனை பேரும் ஆசாரி, ஆசாரின்னுதான் கூப்பிடுறான், எனக்கே பேரு மறந்துபோச்சு. மலையாண்டின்னு உள்ளேருந்து கேட்டதும் சடக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன், எதுக்குக் கூப்பிட்டாக என்னைய?" சொர்ணவல்லி நின்றுவிட்டாள். இவருக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், இவள் கொலுசுச் சத்தம் தெரியும், தும்மல் தெரியும், தன் பெயர் இவள் வாயில் எப்படி இருக்கும் என்று தெரியாது, எப்படித் தெரியும், இவளுக்கே இப்போதுதானே தெரிந்தது. நான்தாங்க சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சிரிப்பார், கோபப்பட மாட்டார், எங்க, இன்னொரு தடவை சொல்லு என்பார், முகத்தைப் பார்த்து, நடுத்தெருவில்... "வேலை கெடைச்சிருச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டாக" என்றாள். "அப்படிப் போடு!" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காப்பிக் கடைப் பக்கம் முன்னால் நடந்தார். வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம், இங்கிலீஷ் வந்ததற்குச் சந்தோஷம், எல்லாம் சரிதான், ஆனால் எதற்காக இந்தப் பொய்? இன்னமும் அந்தப் பழைய பயம்தானா, இல்லை, கிடைத்தற்கரிய ஒன்றை ஒரு நாளாவது தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசையா... அவர் முதுகைப் பார்த்தபடியே பின்னால் நடந்தவளின் உதடு, சத்தமில்லாமல், இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது.