சந்தனம் பூசிய குழாய்

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில் பிறந்தது. பந்தி தாமதமாகிக்கொண்டிருந்தது. பசித்த கூட்டத்தை உட்காரவைக்க யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். மலாக்காவில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அந்தக் குழாய் விஷயத்தைச் சொல்லுங்க. இன்னைக்காவது முதலையைக் கொண்டுவராதீங்க" என்றாள் என் மனைவி பாக்கியலட்சுமி. கொண்டுவந்தேன். கை தட்டினார்கள். சோறு வந்தது.

அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். எழுதியதில்லை. எழுத உட்கார்ந்ததும் முதலை போய்விட்டது. காகிதத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அது படுத்திருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். பார்க்க எனக்கு விருப்பமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம், மலாக்காவின் காஜா பெராங்கில், செம்புக் குழாய் இழுக்கும் பட்டறை ஒன்று இருந்தது." (சரியாகத்தான் இருக்கிறது. யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள்.)

தொடக்கம் இரண்டு: "பூங்காவனம் என்ற வித—" (வேண்டாம். இப்போது வேண்டாம்.)

தொடக்கம் மூன்று: "குழாய் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயும் சீமைச் சுண்ணாம்பும் போதும்."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விளக்கவும் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடித்த குழாயை எஃகு அச்சின் துளைக்குள் நுழைத்து மறுபக்கம் இழுத்தால் அது மெலிந்து நீளும். அப்படி இழுக்கும்போது சிலவற்றின் மேல்தோலில் மயிரிழை போல விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டாது. அதனால் குழாயை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துத் துணியால் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைக் கரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு காத்திருக்க வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு போடும். கோடு வந்த குழாய் உருக்கப் போகும். வராதது பாய்லருக்குப் போகும்.

அந்த வேலையைச் செய்தவள் பூங்காவனம். கம்போங் செட்டிக்காரி, மலாக்காவின் பழைய செட்டிக் குடியிருப்பு அது. பெயர்தான் தமிழ், பேசுவது செட்டிகளின் மலாய். நான் அவள் பேச்சைத் தமிழாக்கித் தருகிறேன், ஓரிரு சொல் மீறி வந்தால் அது அவளுடையது. அவளுக்கும் எங்களுக்கும் சாமி ஒன்றுதான். வேண்டுதல் மட்டும் மலாயில் போகும். சாமிக்கு அதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் பக்கத்துக் கடையில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன்.*

* அந்தக் காலத்தில் என் சைக்கிள்கள் மேட்டில் தாமாக ஏறும். இதை நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

3

பட்டறை மண்டோர், அதாவது மேஸ்திரி, தெய்வநாயகத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவரைச் சந்தேகிக்கவில்லை, நான் அவரைச் செய்துவைத்திருக்கும் விதத்தைச் சந்தேகிக்கிறேன். கல்யாண வீடுகளில் அவருக்கு முறுக்கு மீசை வைப்பேன், குரலைத் தடிப்பாக்குவேன். ஜனங்களுக்குத் திட்ட ஒருவர் வேண்டும். உண்மையில் அவருக்கு மீசை கிடையாது. தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்.

அந்த வருட ஆயுத பூசைக்குப் பட்டறையைக் கழுவி, அச்சுகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த ரப்பர் ஆலையின் பாய்லருக்கு இழுத்த குழாய்கள் சோதனைக்குக் காத்திருந்தன. பட்டறைக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்த முதல் வேலை அது. அந்தப் பாய்லருக்குத் தீ போடுகிறவன் பாலன், பூங்காவனத்தின் கணவன். வழக்கமாக ஒரு குழாய்க்கு ஒரு பொட்டுதான். அவள்தான் மண்டோரிடம் கேட்டாள்.

"இது என் லாக்கி நிக்கிற பாய்லருக்குப் போறது, மண்டோரே. பொட்டு பத்தாது. முழுசாப் பூசுறேன்."

அவளே அரைத்த சந்தனம். அடி முதல் நுனி வரை உள்ளங்கையால் தேய்த்துப் பூசினாள். கொண்டைக்கடலை தின்ன வந்திருந்த பாலன் வாசலில் நின்று பார்த்தான்.

"எனக்கு ஒருநாளும் இவ்வளவு பூசுனதில்ல. பாய்லருக்கா இந்த மரியாதை?"

"பாய்லர் சொன்ன நேரத்துக்கு வேலைக்குப் போகுது."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். (இந்த வரியை நான்கு முறை அடித்து நான்கு முறை திரும்ப எழுதினேன்.)

மறுநாள் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, குழாய்களை ஊறப்போட்டுச் சுண்ணாம்பு பூசினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடுகூட வரவில்லை. அப்படி ஒரு நல்ல சரக்கை அந்தப் பட்டறை பார்த்ததில்லை. எல்லாம் பூசையின் பலன் என்றார் மண்டோர். நுனிகளை அளவுக்கு வெட்டி லாரியில் ஏற்றினார்கள்.

4

வெட்டிய துண்டுகளில் ஒன்று மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் விழுந்து கிடந்தது. சில நாள் கழித்து தகரத்தைக் கழுவும்போது அவள் கையில் அது தட்டுப்பட்டது. தூர எறிந்திருக்கலாம். கைப்பழக்கம், துடைத்துச் சுண்ணாம்பு பூசி வெயிலில் வைத்தாள்.

கோடு வந்தது.

"என்னம்மா, இன்னைக்கு வேலையே இல்லையே. சுண்ணாம்பு விளையாட்டா?" என்றார் மண்டோர்.

"அந்தக் குழாய்ல வெட்டுன துண்டு, மண்டோரே. சந்தனம் விரிசலுக்குள்ள போய் அடைச்சிருக்கு. அதான் அன்னைக்கு எண்ணெய் உள்ள இறங்கல. இத்தனை நாள் ஊறுனதுல அடைப்பு கரைஞ்சிருச்சு."

"சாமிக்குப் பூசுனது எப்படிம்மா தப்பாகும்?"

"சாமி மேல தப்பில்ல. அரைச்சது நான்."

அவர் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "துண்டுலதானே இருக்கு? அதைத்தான் வெட்டியாச்சே."

அவள் வெட்டிய முனையைக் காட்டினாள். கோடு அந்த விளிம்பு வரை ஓடி, அங்கே நிற்காமல், இல்லாத குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கொடி ஏத்தி ரெண்டு மாசம்கூட ஆகல. உங்க ஆளுங்க குழாயப் பாருன்னு தொரை சிரிப்பான்" என்றார். "நாளைக்கு நானே போய்ப் பக்குவமாச் சொல்றேன்."

"சிரிக்கட்டும். என் லாக்கி இன்னைக்குத்தான் தீ மூட்டுறார்."

இந்த இடத்தில் கல்யாண வீட்டு மண்டோர் மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். எழுதும்போது அவர் போக மாட்டேன் என்கிறார். எதிரே சீனன் மளிகைக் கடைக்கு வேட்டி தடுக்க ஓடினார். அங்கே ஒரு டெலிபோன் இருந்தது. "ஹலோ, ஹலோ" என்று அவர் கத்தியது என் கடை வரை கேட்டது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

பூங்காவனம் என் முன்னால் வந்து நின்றாள். அண்ணனுக்கு அவள் மொழியில் அபாங். கையில் துண்டு.

"அபாங், பத்து பெரெண்டாம் போகணும்."

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். மிதித்தேன்.

5

இங்கேதான் முதலை வரும். ஆற்றுப் பாலத்தில் குறுக்கே படுத்திருந்த முதலை, என் மணியோசைக்கு வாலைச் சுருட்டி வழிவிடும். அடுத்து, தம்பின் ஊருக்குப் போகும் ரயிலை முந்துவேன்.*

* மலாக்காவுக்கு அப்போது ரயிலே கிடையாது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். இத்தனை கல்யாணங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பசி.

முதலையையும் ரயிலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெயிலும் செம்மண் தூசும்தான். என் சைக்கிள் மேட்டில் தானாக ஏறவில்லை. நான் இறங்கவும் இல்லை. நின்றபடி மிதித்தேன். கால் நரம்பு இன்றைக்கும் மழைநாளில் இழுக்கிறது. அது மட்டும் என்னிடம் உள்ள கலப்படமில்லாத சரக்கு.

வழியில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"ரொம்ப நைசா அரைச்சிட்டேன், அபாங்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். (மூச்சு வாங்காமல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.)

6

முடிவுகள்.

(அ) கல்யாண வீட்டு முடிவு. பாலன் தீக்குச்சியைக் கிழித்துக் குனிகிறான். பூங்காவனம் ஓடிப்போய் ஊதி அணைக்கிறாள். "இதுக்குத்தான் பாய்லர் மேல பொறாமைப்படாதேன்னு சொன்னேன்" என்கிறாள். பந்தி.

(ஆ) மண்டோரின் முடிவு. குழாய் தாங்கிவிட்டது. அது பாட்டுக்கு வருடக்கணக்கில் ஓடியது. விரிசல் அந்தத் துண்டோடு சரி. யாராவது கேட்டால் அவர் சாகும்வரை இப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பார், யாரிடம் என்று தெரியாது.

(இ) நாங்கள் ஆலை வாசலை எட்டியபோது, ஆட்கள் எல்லோரும் வெளியே நின்று

(ஈ) நாங்கள் ஆலை வாசலை எட்டியபோது சத்தமே

7

மூன்றாவதும் நான்காவதும் நகரவில்லை. முதலையைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

நகர்கிறவற்றை மட்டும் சொல்கிறேன். திரும்பும்போது நான் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். கேரியரில் அந்தத் துண்டுக் குழாய் இருந்தது. பட்டறை வாசலில் மண்டோர் நின்றிருந்தார். கேரியரில் அவள் இல்லாததைப் பார்த்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கும் பூங்காவனம்தான் சந்தனம் அரைத்தாள். பூசை முடிந்ததும் தேங்காய் நாரும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பொட்டு வைத்த ஒவ்வொரு குழாயையும் தேய்த்துக் கழுவினாள். சாமி காரியத்தை இப்படிக் கழுவலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மண்டோர் குனிந்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கடலை தின்ன அந்த வருடம் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. என்னால் முடிந்தவரை இந்தக் கதையை நைசாக அரைத்து, மேலே நன்றாகவே பூசியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் ஒரு கோடும் வந்ததில்லை. ஆனால் காகிதத்தில் ரொம்ப நாள் ஊறிவிட்டது.

இரண்டாம் பகுதியில் நான் பாதியில் விட்ட சொல் அங்கேயேதான் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு முதல் முடிவை எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். துணி உங்கள் கையில். துடைத்த பிறகு கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.