முடிச்சுக்கு ஒரு செடி

விடிந்தும் விடியாத நேரத்தில் மனிதர்கள் எதற்கெதற்கோ எழுந்திருக்கிறார்கள். தையல்காரி எழுந்தது பூனைப் பீ அள்ள. இதை வேறு எப்படி நாசூக்காகச் சொல்வது? அவளே மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு கையில் குப்பை முறம், இன்னொரு கையில் கைப்பிடி உடைந்த கரண்டி. கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, காய்கறிப் பாத்தியை ஓரம் முதல் ஓரம் வரை குனிந்தபடியே பார்ப்பாள். மண் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே கரண்டி போகும். அள்ளி, குழியை மூடி, கையைக் கழுவிக்கொண்டு, புருஷன் விழிப்பதற்குள் பாயில் வந்து படுத்துக்கொள்வாள். இப்போதுதான் தூக்கம் கலைந்தவள் போல ஒரு கொட்டாவியும் விடுவாள். இத்தனை நடிப்பும் எதற்கு என்றால், பாத்தியில் இறங்கும் அவன் கையில் அது பட்டுவிடக் கூடாது. பட்டால் எல்லாம் போச்சு.

அவள் புருஷன் வெல்டர். போன வருஷம் பட்டறையில் கேஸ் சிலிண்டர் வெடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான், படுத்தவன் படுத்தவன்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், குளிக்கச் சொன்னால் குளித்தான், மறுபடி சுவர். கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாசக்கணக்காக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் தையல் மெஷினை மிதித்தாள்.

ஒரு மழை நாளுக்கு மறுநாள், என்ன தோன்றியதோ, தட்டுத் தடுமாறிக் கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தான். கையைக் கீழே விட்டு ஈர மண்ணை அளைந்தான்.

"இங்க என்ன இருக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்லைங்க, வெறும் புல்லு."

"புல்லு எதுக்கு இங்க?" என்று சொல்லிப் பிடுங்க ஆரம்பித்தான். அவ்வளவுதான். அவளுக்கு உயிர் வந்தது.

புல் போய், மண் கொத்தி, பாத்தியாயிற்று. இரும்பை அளந்து பழகிய கை அல்லவா, கோடு வேண்டும் என்றான். அவள் நூல் கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வரிசை வரிசையாக இரண்டு முனையிலும் குச்சி அடித்துக் கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் கீழே அவனே விரலால் குழி பறித்து பீன்ஸ் விதை போட்டான். சட்டம் அவன் போட்டதுதான்: முடிச்சுக்குக் கீழே முளைப்பது செடி, மற்ற இடத்தில் முளைப்பது களை. முடிச்சுக்குக் கீழே மட்டும் கை வைக்கமாட்டான். பிஞ்சு முளை, பட்டாலே ஒடிந்துவிடும் என்று பயம். "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் தொட்டுப் பாக்கறேன்" என்பான். கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் மாதிரி இருக்கும் அந்தக் குரல்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் பூனைகளுக்கு மூக்கில் வியர்த்தது அப்போதுதான். நிலம் காய்ந்து கட்டிதட்டிக் கிடந்த வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவை, பொலபொலவென்று மண் கிடைத்ததும் மதில் ஏறிக் குதித்தன. டிரைவர் தனிக்கட்டை. பூனைகளுக்கு கண்டக்டர், செக்கர் என்று பெயர் வைத்திருந்தார். கண்டக்டர் செம்பட்டை நிறத்தில், தின்று கொழுத்தது. அதுதான் முதல் குற்றவாளி.

ஒரு நாள் வெல்டரின் கை அதில் நேராக இறங்கிவிட்டது. மோந்து பார்த்தான். குழாயடியில் சோப்பு கரையக் கரையக் கழுவினான். பிறகு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"எதைத் தொடறோம்னே தெரியாதவனுக்கு எதுக்குத் தோட்டம்?" என்றது முதுகு.

அவள் கெஞ்சினாள், அழுதாள். இனி அது வராது, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு என்று கூசாமல் ஒரு பொய்யும் சொன்னாள். சில நாள் கழித்து எழுந்து வந்தான்.

"இன்னொரு தடவை பட்டுச்சுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

சொன்னால் செய்கிற ஆள். அன்றிலிருந்துதான் அவள் தூக்கம் போயிற்று.

துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி ஆரஞ்சுத் தோலைப் பரப்பச் சொன்னாள். பரப்பினாள். கண்டக்டர் அதைச் சட்டையே செய்யவில்லை, தோலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காரியத்தை முடித்தது. காப்பிச் சக்கையைத் தூவினாள். நல்ல மெத்தை என்று நினைத்திருக்கும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தால் பூனை மிரளும் என்றார்கள். செக்கர் வந்து பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போனது. மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்தவள் அவன் விரல்களை நினைத்து மூடிவிட்டாள். முள் வெட்டிப் போடலாம் என்றாலும் அதே விரல்கள்தான். பூனைக்கு வலிக்கும் எதுவும் முதலில் அவனுக்கு வலிக்கும். என்னதான் செய்வாள் அவளும்!

மதிலருகே போய் டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க பூனைங்க தினம் எங்க பாத்தியிலதான் வந்து போகுதுங்க. கொஞ்சம் அடக்கி வையுங்கண்ணே."

"நல்லாருக்கு தங்கச்சி! இந்த ரூட்ல போகாதேன்னா நான் பஸ்ஸை நிறுத்திடுவேன். இவனுங்களை யார் நிறுத்தறது?"

"ஒரு டப்பாவுல மணலைக் கொட்டி வச்சுப் பாருங்களேன்."

"வச்சேனே! அதுல ஏறிப் படுத்துத் தூங்கறானுங்க" என்று சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குக் கண்ணு தெரியாம அது கையில படுதுண்ணே, பட்டா மறுபடி படுத்துடுவார் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. தன்னைக் காட்டி இவள் பரிதாபம் கேட்டாள் என்று தெரிந்தால் அவன் தாங்கமாட்டான். விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

கடைசியில் இரும்புக் கடைக்காரர்தான் வழி சொன்னார். பெரிய கண் வைத்த கம்பி வலையைத் தரையோடு பரப்பி, மேலே லேசாக மண் தூவினால் போதும், பூனையால் கிண்ட முடியாது, கிண்ட முடியாத இடத்தில் அது உட்காராது. வாங்கி வந்தாள். அன்று சாயங்காலம் அவன் அசந்து தூங்கும்போது, வரிசைக்கு வரிசை நடுவில் இருந்த இடத்துக்கு அளவாக வலையை வெட்டினாள். வெட்டின முனை அவன் விரலைக் கிழித்துவிட்டால்? துணி ஓரத்தை மடித்து அடிப்பது போல, ஒவ்வொரு கம்பி முனையையும் இடுக்கியால் உள்ளே மடக்கினாள். தன் கையில் ரத்தம் வந்ததைக் கவனிக்கக்கூட இல்லை.

வலையை இறக்கக் கயிறுகள் இடைஞ்சலாக இருந்தன. அவிழ்த்தாள். பாபினில் நூல் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, தானாகவே ஒவ்வொரு கயிற்றையும் வீட்டுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு மதில் பக்கம் போயிற்று. வலையைப் பதித்து முடித்ததும், வீட்டுப் பக்கக் குச்சியிலிருந்தே பிரித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். சுற்றின நூலில் கடைசி முனைதானே முதலில் கைக்கு வரும்? கயிறுகள் எல்லாம் தலைமாறிப் போயின. ஒரு முனையில் குச்சியிலிருந்து ஒரு சாண் தள்ளி முதல் முடிச்சு; மறு முனையில் அரைச் சாண்தான். ஆக, செடி இருந்த இடத்தில் முடிச்சு இல்லை, முடிச்சு வந்த இடத்தில் செடி இல்லை. இரண்டு இலை விட்டுக் கண்ணெதிரே நின்ற முளைகளை அவள் பார்க்கவில்லை. வெளிச்சம் மங்கிவிட்டது, அவள் கம்பி முனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை முறத்தோடு போனவள் வெறும் முறத்தோடு திரும்பினாள். ஒன்றுமில்லை! வலையில் கால் வைத்துப் பார்த்து, இது சரிப்படாது என்று போயிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏங்க, இன்னிக்குப் பூனையே வரல. கயித்துக்கு நடுவுல கம்பி வலை போட்டிருக்கேன்" என்றாள்.

அவன் விரலால் வலையின் ஓரத்தைத் தடவினான். "பரவால்லையே, மடிச்சு அடிச்சிருக்கே" என்றான். அவன் வாயால் ஒரு பாராட்டு. அவள் துள்ளாத குறையாக உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

கொல்லையிலிருந்து அவன் குரல் வந்தது. "இன்னிக்குக் களை ரொம்பக் கொழுத்திருக்கு."

"பிடுங்கிப் போடுங்க" என்றாள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

டீயோடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வாளி. வாளி நிறைய பீன்ஸ் கன்றுகள். பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

கயிற்றைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மறுபடி கயிற்றைப் பார்த்தாள். ஐயோ, ஐயோ, என்ன காரியம் செய்தோம்!

"சுத்தம் பண்ணிட்டேன்" என்றான். "ஒரு களை விடல. இப்ப வளர்ந்திருக்கும்ல? இன்னிக்குத் தொட்டுப் பாக்கப் போறேன்."

அவன் கயிற்றைப் பிடித்து முதல் முடிச்சைக் கண்டுபிடித்தான். விரல்கள் அதற்கு அடியில் மெல்ல, மிக மெல்ல இறங்கின. மண். அடுத்த முடிச்சு. மண். அதற்கடுத்தது.

"செடி எங்க?"

மதில் மேல் கண்டக்டர் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. பழி அங்கே தயாராக இருந்தது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"பூனை கிண்டிடுச்சு போல" என்றாள்.

"பூனை வரலன்னு காலையில நீதானே சொன்னே."

அவன் கை வாளியைத் தேடிப் போயிற்று. ஒரு கன்றை எடுத்தான். தண்டைத் தடவினான். தண்டில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்த விதைப் பருப்பில் விரல் நின்றது. அவன் கையாலேயே மண்ணில் வைத்த விதை. அது அவனுக்குத் தெரியாதா?

"நான்தாங்க" என்று உடைந்தாள். "கயித்தைத் தலைகீழா மாத்திக் கட்டிட்டேன். நீங்க சரியாத்தான் பிடுங்கினீங்க. பாழாப்போன கண்ணு, இருந்தும் நான் பாக்கல. பிடுங்குங்கன்னு வேற சொன்னேன்."

அவன் எழுந்தான். இப்போது உள்ளே போவான், சுவர்ப் பக்கம் திரும்புவான், இந்த ஜென்மத்துக்கு இனி எழுந்திருக்கமாட்டான் என்று அவள் டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். அவன் குழாயடிக்குத்தான் போனான். தடவித் தடவிக் குழாயைத் திறந்து, கைநிறையத் தண்ணீர் பிடித்து வந்து வாளியில் தெளித்தான்.

"நான் பிடுங்கினா வேரோடதான் வரும், ஒடிக்கமாட்டேன். கயித்தைச் சரியாக் கட்டு."

"இனிமே பிழைக்குமாங்க?"

"எனக்கென்ன தெரியும்? விட்டுப்போனதை ஒட்டவைக்கறதுதானே என் தொழில். வச்சுப் பாப்போம்."

பழைய கன்றுகளைப் பழைய குழிகளிலேயே வைத்தார்கள். நடும்போது காலில் இடறுகிறது என்று மதிலோரம் ஒரு துண்டு வலையைத் தூக்கி வைத்தாள். மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் தலை தொங்கிவிட்டன. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, முதல் தடவையாக அவனிடம் இருப்பதை இருக்கிறபடி சொன்னாள். அவன் "ம்" என்றான்.

படுக்கப் போகும்போது, "நாளைக்கு நீ எழுந்திருக்காதே" என்றான்.

"எதுக்கு?"

"தினம் முறத்தைத் தூக்கிட்டுப் போறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கண்ணுதான் போச்சு, காது இருக்கு. கதவைத் திறக்கறது, குழாயைத் திறக்கறது, அப்புறம் அந்தப் பொய்க் கொட்டாவி வேற. போதும். நானே பாத்துக்கறேன்."

அவள் கண்ணை மூடவே இல்லை. விடிந்ததும் அவன் கொல்லைக்குப் போகும் சத்தம் கேட்டது. தூக்கி வைத்த வலை அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. திரும்பப் போடவில்லை! எழுந்து ஓடினாள். கொல்லைப் படி வரைதான் போக முடிந்தது.

அவன் மதிலோரம் குனிந்திருந்தான். கை மண்ணுக்குள் இருந்தது. வெளியே எடுத்தான். மோந்து பார்த்தான்.

"யோவ் டிரைவரு!" என்று தெருவே அதிரக் கத்தினான். பட்டறையில் கத்திய அதே குரல், அவள் மறந்தே போயிருந்த குரல். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உன் கண்டக்டர் டிக்கெட்டை நேரா கையிலேயே குடுத்திருக்கான்! வந்து அள்ளிட்டுப் போய்யா!"

அடுத்த வீட்டில் ஏதோ உருண்டது. டிரைவர் அரைத் தூக்கத்தில் முறத்தோடு மதிலில் தலையை நீட்டினார். "அடக் கடவுளே, கையிலயா? வரேண்ணே, இதோ வரேன்!"

அவள் படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் அழுக்குக் கையைத் தள்ளி நீட்டியபடி அவள் பக்கம் திரும்பினான்.

"அழறதுன்னா அப்புறமா அழு. முதல்ல சோப்பைக் குடு, நாத்தம் தாங்கல."