பாதி மலையில் அமுங்கும் பிரேக்

வெள்ளிமலையில் கிளம்பும்போது கல்லாக இருக்கும் ஜீப்பின் பிரேக் மிதி, பாதி மலை இறங்கியதும் பஞ்சு போல அமுங்குகிறது. கள்ளக்குறிச்சியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றதும் மறுபடி கல். மூன்று முறை சோதித்தேன். கசிவு இல்லை, குழாயில் காற்றும் இல்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. பொன்னுரங்கந்தான் பிரேக்குலயே கால வெச்சுக்கினு இறங்குறாரு" என்று ஜீப் முதலாளி கந்தசாமியிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும்படி டிரைவர் பொன்னுரங்கத்திடம் அவர் சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கம் சண்டைக்கு வரவில்லை. "ஒரு நடை நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளிமலையில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கூலி வேலைக்குப் போகும் பாப்பாத்தி ஓடி வந்தார். "தெனம் எங்கள நெல்லு மூட்ட மாதிரி அமுக்கிக்கினு போவீங்க. இன்னைக்கு இன்னா, காலி வண்டி?"

"இன்னைக்கு மெக்கானிக்கு ஓட்டறாரு. உசுரு வேணும்னா பஸ்ல வா" என்றார் பொன்னுரங்கம்.

கியரைக் குறைத்து, பதமாகத்தான் இறங்கினேன். எட்டாவது வளைவில் என் காலுக்கடியில் மிதி தரைவரை போனது. முதல் கியருக்கு மாற்றி, கைபிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன்.

"நானும் இப்பிடித்தாங்க கால வெச்சுக்கினு வரேன்" என்றார் பக்கத்தில் இருந்த பொன்னுரங்கம், மெதுவாக.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூட்டையில் நெல் அமுங்குகிறது, மணிகளுக்கு நடுவே இடம் இருப்பதால். பிரேக் எண்ணெயில் அந்த இடம் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காமல், காலின் விசையை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஆவியோ அமுங்கும். சூட்டில் மட்டும் வந்து, ஆறியதும் மறைகிற ஆவி எது? தண்ணீர்தான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலம் முழுக்க மூடாமல் கிடந்த டின்னில் இருந்து இந்த வண்டிக்கு ஊற்றியவன் நான்.

அங்கிருந்தே கந்தசாமிக்குப் போன் போட்டேன். "தப்பு என்னுதுங்க. பொன்னுரங்கத்து மேல இல்ல. சாவி அவர்கிட்டயே இருக்கட்டும்."

"இத்தினி நாளா அந்த பிரேக்க நம்பி பத்து பத்து பேரா ஏத்திக்கினு இறங்குனானே, அதுக்கு இன்னா சொல்ற?"

பொன்னுரங்கம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு ஆறிய பிறகு ஊர்ந்து ஊர்ந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோம். பழைய ஆயிலை முழுவதும் வடித்தேன். சீல் பிரிக்காத புது டின்னை அவர் கண் முன்னால் திறந்து ஊற்றினேன். மிதியிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் குமிழி வருவது நிற்கும்வரை காற்றெடுத்தேன். மறுநாள் பொன்னுரங்கம் ஓட்டினார். அடிவாரம் வரை மிதி அமுங்கவில்லை.