லேத்துக்கு வந்த இருமல்

டர்னர் தாமோதரனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், தண்டையார்பேட்டை ஜெயவேலு பட்டறையில் அவன் ஓட்டிய லேத்து இரும ஆரம்பித்தது. அந்த வாரம்தான் மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. தெருவில் இரண்டைப் பற்றியும் ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். உளியைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் நகரும் கேரேஜ், இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு வறட்டு இருமல், ஒரு நீள இழுப்பு, அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம். பெல்ட்டை மாற்றிப் பார்த்தார்கள், எண்ணெய் விட்டார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். தாமோதரனோடு பீடி குடித்தவர்களுக்கு மட்டும் அது யாருடைய இருமல் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. யுத்த காலத்தில் துறைமுகத்து வேலை மலை மாதிரி குவிந்தபோது அந்த லேத்து ராப்பகலாக வார்ப்பிரும்பு கடைந்தது. கறுப்புத் தூளில் பாதி, கேரேஜ் ஓடும் இரும்புத் தடத்தில் விழுந்து அதை அரைத்தது. மீதி தாமோதரனின் நெஞ்சுக்குள் போய் அதை அரைத்தது. எல்லாம் சின்னச் சாமான்கள் என்பதால் கேரேஜ் எப்போதும் சக்குப் பக்கமே கிடந்து உழன்றது. தடமும் அங்கே மட்டும் தேய்ந்து பள்ளமானது. மறுகோடி, கப்பலிலிருந்து இறக்கிய அன்று இருந்தபடியே கிடந்தது. நெஞ்சை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அவன் பெண்சாதி குப்பம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். புருஷன் உயிரோடு இருந்தபோது அந்த இருமலோடு அவள் போடாத சண்டையில்லை. "அந்தாண்ட போய் இருமு, மன்சன் தூங்க வாணாமா?" என்று அவனையே வாசலுக்குத் துரத்தியிருக்கிறாள். அவன் போய், வீடு அமைதியான பிறகுதான் அவளுக்குத் தூக்கமே போனது. லேத்து இருமுகிற சேதி கேள்விப்பட்டு மீன்கூடையோடு ஓடிவந்தவள், ஒரு இருமல் கேட்டதும் கூடையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அதன்பிறகு தினமும் வியாபாரம் முடிந்ததும் ஒரு தம்ளர் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து லேத்தின் காலடியில் வைத்துவிட்டு, நாலு இருமல் கேட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் தம்ளர் காலியாக இருக்கும். இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

ஆனால் இருமுகிற லேத்து நேராகக் கடையுமா? கேரேஜ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உளியும் சேர்ந்து இறங்கியது. லாஞ்சுப் படகுகளுக்குப் போன ஷாஃப்டுகள் ஒரு முனை பருத்திருக்கிறது என்று திரும்பி வந்தன. ஜெயவேலு கெட்ட மனுஷன் இல்லை, முடிந்தவரை பொறுத்தார். பிறகு புளியந்தோப்பிலிருந்து சௌக்கத் அலியை வரவழைத்தார். தேய்ந்த தடங்களைக் கையாலேயே சுரண்டிச் சமமாக்குகிறவர் அவர்.

சமமாக்குவது என்றால் குப்பம்மாவுக்குத் தெரிந்தது வீட்டுத் தரைதான். தரையில் குழி விழுந்தால் களிமண்ணை அப்பி மூடுவார்கள். மூடினால் உள்ளே இருக்கிறவன் மூச்சுமுட்டிப் போவானே என்று பதறி வந்து, பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள்.

"பாய், இத்த மூடிராத பாய். எங்கூட்டுக்காரு இத்துலதான் கீறாரு."

"பள்ளத்த யாராலயும் மூட முடியாது தங்கச்சி," என்றார் சௌக்கத் அலி. "இரும்ப எடுக்கலாம், திருப்பி வெக்க முடியாது. மேடா கீறத எல்லாம் பள்ளத்து மட்டத்துக்கு எறக்கணும், அவ்ளோதான்."

அவள் நம்பவில்லை. ஆனால் முதலாளி நின்றுகொண்டிருக்கும்போது ஒரு மீன்காரி எத்தனை நேரம் கையை வைத்திருப்பாள்? எடுத்துவிட்டாள்.

கேரேஜைக் கழற்றியதும் லேத்து வாயடைத்துப்போனது. சௌக்கத் அலி மட்டப்பலகையில் நீல மை தடவித் தடத்தின் மேல் இழுப்பார். மேடான இடத்தில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். தாமோதரன் தேய்த்த பள்ளத்தில் மட்டும் நீலம் ஒட்டவே இல்லை. மற்றதெல்லாம் மெல்ல மெல்ல அதன் மட்டத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. குப்பம்மா அப்போதும் கஷாயம் வைத்தாள். அது வைத்தபடியே ஆறிக் கிடந்தது, தானே எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள். இரண்டாம் முறை தாலியறுத்தவளாகத்தான் அந்த நாட்களில் அவள் இருந்தாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சௌக்கத் அலி தொழுகைக்குக் கிளம்பும் முன்னால் இழுத்த இழுப்பில், தடம் நெடுக, அந்தப் பள்ளத்திலும்கூட, நீலம் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

தொழுகை முடிந்து வந்து கேரேஜை மாட்டி ஓட்டினார். அது சக்குப் பக்கம் வந்தது. இருமல் இல்லை. குப்பம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கேரேஜ் இதுவரை அதிகம் போயிராத மறுகோடியை நோக்கி நகர ஆரம்பித்தது. நகர நகர, தடம் முழுக்க நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. திரும்பி வரும்போது அதே மூச்சு நிதானமாக வெளியே வந்தது. இழுப்பு இல்லை, செருமல் இல்லை. ஒரே இடத்தில் ஒடுங்கிக் கிடந்தவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கைகாலை நீட்டியிருந்தான். கல்யாணமான புதிதில் அவள் காதோரம் கேட்ட மூச்சு அது. யுத்தம் வந்ததிலிருந்து அவள் அதைக் கேட்டதேயில்லை.

ஜெயவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஸ்ஸ்," என்றாள் குப்பம்மா. "தூங்கிகினு கீறாரு. எழுப்பிடாதீங்க."

அவள் வீட்டுக்குப் போய் அன்று மத்தியானம் படுத்தவள், மறுநாள் விடிந்த பிறகுதான் எழுந்தாள். அப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை. அந்த லேத்தில் கடைந்த ஷாஃப்டு எதுவும் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. அதன் பக்கத்தில் சம்மட்டி வேலை வேண்டாம் என்று ஜெயவேலு சொல்லிவைத்தார்.