கருவாடு ஏற்றாத கெப்

எங்கள் வீட்டில் ஒரு கெப் வண்டி இருக்கிறது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. அண்ணன் சுரேந்திரன் அதை வாங்கும்போதே அதற்கு நல்ல வயது. ஆனால் கிழட்டு வண்டி என்று யாராவது சொல்லிவிட்டால் அண்ணி விஜயகலாவுக்கு மூக்கு விடைத்துவிடும். "பழசுன்னு சொல்லு, கெழடுன்னு சொல்லாத" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

அண்ணன் குவைத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. பெட்ரோலுக்காக நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் போனவர். அங்கே பெரிய லொறி ஓட்டுகிறார். அவர் போனதிலிருந்து கெப், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. பலாங்கொடையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிவரும் பஸ், பட்டப்பகலிலேயே பனிமூட்டத்தில் லைட் போட்டுக்கொண்டு வரும். அந்த ஈரத்தில் அலமாரியில் மடித்து வைத்த வேட்டிக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. இரும்பு மட்டும் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டார்ட் பண்ணி எஞ்சினைக் கொஞ்சம் ஓட விடுவேன். மற்றபடி வண்டியை வெளியே எடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு தடவை கூட்டாளி ஒருவனின் பூக்கன்றுகளை ஏற்றிக்கொண்டு கடற்கரை ஊரான அம்பாந்தோட்டைக்குப் போனேன். அதற்கு அண்ணியிடம் நான் கெஞ்சிய கெஞ்சல் எனக்குத்தான் தெரியும்.

அண்ணன் போனில் பேசுவார். ஆனால் அது அண்ணன் பேச்சு மாதிரி இருக்காது. "நல்லா இருக்கியா சுஜன்? சாப்டியா? அங்க மழையா?" என்று விருந்தாளி போலக் கேட்பார். இங்கே இருந்த காலத்தில் என்னைத் திட்டாமல் அவருக்குத் தேநீர் இறங்காது. சட்டைப் பொத்தான் போடாவிட்டால் திட்டு, வேலைக்குப் பிந்தினால் திட்டு, முந்தினால் அதற்கும் ஒரு திட்டு. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது போனை வைத்த பிறகு ஏதோ குறைகிறது. அது என்னவென்று ரொம்ப நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

இந்தத் தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "லீவு குடுத்தா வருவேன்" என்றார். போன தீபாவளிக்கும் அதையேதான் சொன்னார். அண்ணியின் காதில் 'லீவு குடுத்தா' மட்டும் விழவே விழாது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கெப்பில்தான் போக வேண்டும், அண்ணன் வெளியே வந்ததும் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும், அவரே ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும். அண்ணியின் ஆசை அவ்வளவுதான். தையல் மெஷினில் கால் ஓடும்போதும் அதே பேச்சு, சோறு போடும்போதும் அதே பேச்சு.

ஆகவே கெப்பை டவுனுக்குக் கொண்டுபோனோம். டிங்கர் வேலை செய்யும் சந்திரசிறி பாஸ் நல்ல மனிதர்; மேஸ்திரியை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தமிழும் அவருடைய சிங்களமும் அவர் பட்டறையில் ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் வண்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். கதவோரத்தில் துரு, சில்லுக்கு மேலே மட்கார்ட் வளைவில் துரு, தட்டின் மூலைகளில் துரு. "சின்ன வேலை" என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அண்ணியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். ரப்பர் விரிப்பைக் கையால் அமுக்கினார். கை உள்ளே போனது. விரிப்பைத் தூக்கியதும் தகடு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்தினார். ஓட்டை வழியாகப் பட்டறையின் சிமெந்துத் தரை தெரிந்தது.

"மேக்கே கரவல கெனாவத?" என்றார் என்னிடம். அண்ணிக்கும் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னார்; தம்பி என்பதற்கு மட்டும் அவருக்குச் சிங்கள 'மல்லி'தான் வரும். "கருவாடு ஏத்தினதா, மல்லி? இது மழைத் துரு இல்ல. உப்புத் துரு."

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்பாந்தோட்ட" என்றார்.

"அண்ணி, சத்தியமா பூக்கன்டுதான் ஏத்திட்டுப் போனேன். வரும்போது வெறுந்தட்டு."

"வெறுந்தட்டோட வந்தவன் மறுநாளே கருவாட்டுக் கொழம்பு வைங்கன்னு ஏன் கேட்ட?"

"அது நம்ம பஜார்ல வாங்கின கருவாடு. யாராச்சும் டிரைவர் சீட்டுக்கு அடியில போய்க் கருவாடு ஏத்துவாங்களா?"

"ஒளிச்சு ஏத்துறவன் அங்கதான் ஏத்துவான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் குரல் உடைந்துவிட்டது. "அவரு கால் வைக்கிற எடம்டா அது" என்றார். அண்ணி என்னை 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சீட்டைக் கழற்றுங்கள், கருவாட்டுச் செதில் ஒன்றாவது கிடைக்கிறதா பார்ப்போம் என்று பாஸிடம் கத்தினேன். அவர் பாவம், போல்டுகளைக் கழற்றினார். இருவரும் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தோம்.

செதில் இல்லை. சீட்டு இருந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். மஞ்சள் தோய்த்த துணி, சில பழுப்பேறித் தகட்டோடு ஒட்டிப்போயிருந்தன, சில இன்னும் மஞ்சளாகவே ஈரம் கசிந்துகொண்டிருந்தன. ஒன்றை அவிழ்த்தேன். காய்ந்த மிளகாய், கடுகு, பாதி கரைந்த கல்லுப்பு. முடிச்சு அண்ணியின் முடிச்சு. அந்த இரட்டைச் சுருக்கைப் போட எங்கள் வீட்டில் வேறு யாராலும் முடியாது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணன் இங்கே இருந்தபோது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணி அவருக்குச் சுற்றிப் போடுவார். அண்ணன் ஹயர் ஓட்டம் முடிந்து வந்து வண்டியை நிறுத்துவார். இறங்கும் முன்பே அண்ணி வந்துவிடுவார். உப்பும் மிளகாயும் கடுகும் கையில் மூடி, சீட்டில் இருக்கிற ஆளைச் சுற்றுவார். அண்ணன் மூன்று தரம் துப்ப வேண்டும். துப்பிய பிறகுதான் அது அடுப்புக்குப் போகும். ஆள் துப்பாமல் நெருப்பில் போடக்கூடாது என்பதில் அண்ணி கறாரானவர். ஒரு தடவை அண்ணன் விளையாட்டுக்குத் துப்ப மறுத்ததற்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கிடைக்கவில்லை.

இப்போது ஆள் இல்லை. அண்ணி விடவில்லை, காலிச் சீட்டைச் சுற்றியிருக்கிறார். துப்புவதற்குத்தான் யாரும் இல்லை. அதனால் முடிந்து முடிந்து அங்கேயே வைத்திருக்கிறார், வந்து மொத்தமாகத் துப்பட்டும் என்று. எங்கள் மலை ஈரத்தில் அந்த உப்பு கரைந்து வழிந்து, அண்ணன் கால் வைக்கிற இடத்தைத் தின்றுவிட்டது.

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அண்ணி வைத்த உப்பு இது. இதுதான் வண்டியைத் தின்றது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் அதற்கு மேல் அவர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

பாஸ் ஒரு முடிச்சை எடுத்து மோந்து பார்த்தார். "கட்டவஹா?" என்றார். கண்ணூறு, நாவூறு எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் பேர். அவர் பட்டறை வாசலிலும் தேசிக்காயும் மிளகாயும் தொங்குகின்றன.

"ஆமா பாஸ். அண்ணிக்குச் சொல்ல வேணாம். கருவாடாவே இருக்கட்டும்."

"அப்ப ஒனக்கு ஏச்சு விழுமே, மல்லி."

"விழட்டும்."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மூடியோடு ஒரு ஐஸ்கிரீம் டப்பா கேட்டு வாங்கினேன். முடிச்சுகளைத் தகட்டிலிருந்து மெதுவாகப் பிரித்து, வெயில் வந்த நேரம் காயவைத்து, ஒன்று விடாமல் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

வீட்டுக்குப் போய், "ஆமா அண்ணி, கருவாடுதான் ஏத்தினேன்" என்றேன். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "சீட்டுக்கு அடியில இருந்த சாமானையெல்லாம் தூக்கிப் போட்டாங்களா?" என்று மட்டும், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"எல்லாம் அப்புடியேதான் இருக்காம். நான் பாக்கல" என்றேன்.

பாஸ் அழுகின தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து ஒட்டினார். துரு ஏறாத பெயிண்டும் அடித்தார். சீட்டைத் திரும்பப் பூட்டும்போது டப்பாவை அதன் அடியிலேயே வைத்தேன். கெப் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. அந்தி நேரம் அண்ணி கையை மூடிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் குழாயடியில் கால் கழுவுவது போல நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். அண்ணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் கால்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பழுப்பேறிய முடிச்சு, மறுகை புதுத்தகட்டின் மேல். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அது கருவாடு இல்லையா தம்பி?" என்றார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. வீடியோவில் அண்ணன். அண்ணி ஏற்கெனவே அவரிடம் கருவாட்டுச் சங்கதியைச் சொல்லியிருக்கிறார்.

"அந்த எருமை அங்க இருக்கானா? போனக் குடு அவன்கிட்ட!"

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டேய்! ஒனக்கு மண்டையில என்னடா இருக்கு? களிமண்ணா? நம்பிச் சாவியக் குடுத்தா கருவாடா ஏத்துவ? அந்த வண்டிய நான் எப்புடி வச்சிருந்தேன்னு தெரியுமாடா? காலக் கழுவாம ஒருத்தன ஏத்தியிருக்கேனா? அறிவு கெட்ட மாடு!"

கொட்டகையே அதிர்ந்தது. சாப்பிட்டியா இல்லை, மழையா இல்லை. இது எங்கள் அண்ணன். இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! இத்தனை நாளாகக் குறைந்தது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்து, நான் பயந்து அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கத்தினார்.

அண்ணியால் தாங்க முடியவில்லை. "இங்க பாருங்க, அவனத் திட்டாதீங்க. அது அவன் இல்ல, நான்தான்…" என்று தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். "இருங்க அண்ணி. திட்டட்டும்" என்றேன் மெதுவாக.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் அந்தக் குரலைக் கேட்டார். போனின் சத்தத்தைக் கூட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"லீவு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, தீபாவளிக்கு வர்றேன்டா! வந்து ஒன் தோல உரிக்கல, என் பேரு சுரேந்திரன் இல்ல!"

அண்ணியின் விரல்கள் டப்பாவின் மூடியை இறுக்கிப் பிடித்தன. அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு வாங்கினார். முகம் தணிவது தெரிந்தது. இனி சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"கருவாடு மட்டும் இல்லண்ணே" என்றேன். "மாசி மீனும் ஏத்தினேன்."