எதிர்ப்பக்கம் இல்லாத உத்தி

“சோடி சரியில்லீங்க டீச்சர். ஆள் பிரிக்கிற உத்தின்னா சம ஆளுங்கதான் சேரணும்.”

“ரெண்டு பேரும் சமம்தானே, ஐவி.”

“எதுலங்க சமம்? ஒசரத்துலயா?”

சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிசிலி டீச்சருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். ஐவி எல்லே விளையாட்டுக் கோஷ்டியின் தலைவி. கோயில் பாட்டுக்கும் சரி, பந்தாட்டத்துக்கும் சரி, அவள் தொண்டைதான் முன்னால் நிற்கும். டீச்சர் முறைத்ததும் தோளைக் குலுக்கிவிட்டு மூங்கில் கட்டையால் புல்லைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த வருடம்தான் லிந்துலையில் நடக்கும் வட்டாரப் போட்டிக்கு அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தைத் தோட்டத்திடமிருந்து அரசாங்கம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூரைத் தகரம் மாறவில்லை, வாங்கு மேசை மாறவில்லை. இந்த அழைப்பு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். அதனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் இதே பேச்சாக இருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூடப் பெண்கள் எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் அடிக்கும் என்று வாதாடினார்களாம்.

எல்லேயில் பந்து போடுகிறவள் எதிராளி அல்ல. சொந்தக் கோஷ்டிக்காரியே பதமாகப் போட்டுக் கொடுப்பாள். மூங்கில் கட்டையால் அதை ஓங்கி அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். எதிர்க் கோஷ்டி பந்தைப் பொறுக்கி ஓடுகிறவள் மேல் எறியும். பட்டால் ஆள் வெளியே. மற்ற இடங்களெல்லாம் நிரம்பி ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்குத்தான் நாகலெட்சுமியும் வீரம்மாவும்.

ஐவி சொன்னது உண்மை என்று சிசிலிக்குத் தெரியும். நாகலெட்சுமி அடித்தால் பந்து பள்ளிக்கூடத்து விளையாட்டு மட்டத்தைத் தாண்டிக் கீழே தேயிலைக்குள் போய் விழும். அதைத் தேடி எடுப்பதற்குள் அவள் இரண்டு சுற்று ஓடிவிடுவாள். வீரம்மாவும் நன்றாகத்தான் ஓடுவாள். ஆனால் பந்து கிட்டே வரும்போது ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். எத்தனை தரம் சொல்லியும் அந்தக் கண் திறக்கவில்லை.

தெரிந்தும் ஏன் சமம் என்றாள்? அதற்கு முந்திய வாரம் பேச்சியம்மா வந்து போனதுதான் காரணம். வீரம்மாவின் தாய். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், வருகிற மாதம் மகளுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேர் பதிந்தால் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பிறகு கொழுந்து மலை. பேச்சியம்மா குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், “அதுக்கு முந்தி இந்த லிந்துலைக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போனீங்கன்னா புள்ளைக்கு மனசு ஆறும்” என்றாள்.

அந்த வார்த்தை சிசிலியின் மனசில் ஈரத்துணி போலக் கிடந்தது. நாகலெட்சுமிக்கு அடுத்த வருடம் இருக்கிறது. வீரம்மாவுக்கு இல்லை. அதற்காக நாகலெட்சுமியைக் கூப்பிட்டு நீ வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலைமை ஆசிரியர் லியனார்ட் சேரிடம் போய் நின்றாள். அவர் சுண்ணாம்புக் கட்டி ஒட்டிய விரலை உதறிக்கொண்டே, பிள்ளைகளிடமே விட்டுவிடச் சொன்னார். குலுக்கல் மாதிரி ஏதாவது வைத்தால் எந்தத் தாய் தகப்பனும் வந்து வாசலில் நின்று சத்தம் போடமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். அப்போதுதான் அவளுக்கு உத்தி நினைவுக்கு வந்தது. யாருக்கு வருகிறதோ வரட்டும். அது நல்ல வழி என்றுதான் நினைத்தாள்.

அந்தப் பிள்ளைகள் ஆள் பிரிப்பது எப்போதும் உத்தியில்தான். ஒரே அளவு ஆடுகிற இரண்டு பேர் சோடி சேர்ந்து, ஒதுக்குப்புறமாகப் போய் ஆளுக்கொரு இரகசியப் பேர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி திரும்பி வருவார்கள். தலைவி பேரைத்தான் கேட்டு எடுப்பாள். எந்தப் பேர் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

நாகலெட்சுமியும் வீரம்மாவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். இருவருக்கும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் வீடு. தவழ்ந்த நாளிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவர்கள். தொட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தோளோடு தோளாக வந்து ஐவிக்கு முன்னால் நின்றார்கள்.

“பனி வேணுமா, வெயில் வேணுமா?”

ஐவி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாகலெட்சுமியைத்தான் தேடுகிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அந்த முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. உத்தியில் முகம் காட்டுவது பெரிய கேவலம்.

“வெயிலு.”

வீரம்மா துள்ளிக்கொண்டு ஐவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். நாகலெட்சுமியும் உடனே நடந்தாள். பழக்கம் அது. இந்தப் பக்கம் ஒருத்தி போனால் மற்றவள் அந்தப் பக்கத்துத் தலைவியிடம் போக வேண்டும். வலது பக்கமாக நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் அங்கே தலைவி யாரும் இல்லை, கோஷ்டி இல்லை, வெறும் புல்தான் என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பி வரவும் முடியாமல், மேலே போகவும் முடியாமல், அவள் அங்கேயே நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

உத்தி யாரையும் தள்ளுவதற்கு ஏற்பட்டது அல்ல என்று சிசிலிக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் எடுபடாதவள் என்று ஒருத்தி கிடையாது. இங்கே இல்லாவிட்டால் அங்கே. அந்த இன்னொரு பக்கத்தை அவளே அழித்துவிட்டு, விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து போட்டிக்கான ஆட்டப் பழக்கம் தொடங்கியது. நாகலெட்சுமியும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தேயிலைக்குள் விழுகிற பந்தைத் தேடி எடுத்து மேலே எறிந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பந்து அவ்வளவு தூரம் அடிக்கடி விழுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். வீரம்மா கட்டையை வீசினாள், தவறவிட்டாள், மறுபடியும் வீசினாள். ஒரு கண் மூடியே இருந்தது. ஐவி அவளுக்கு மெதுவாகப் பந்து போட்டுப் பார்த்தாள், உயரமாகப் போட்டுப் பார்த்தாள், கடைசியில் வானத்தைப் பார்த்தாள்.

நாகலெட்சுமியின் தாய் மீனம்மாவைக் குறுக்குப் பாதையில் கண்டபோது சிசிலி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். மீனம்மா சண்டைக்கு வரவில்லை. தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைக்கு ராசி இல்லை என்று சிரித்தாள். பிறகு போகிற போக்கில், மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும், அதற்குப் பதில் சொல்லத் தனக்கு ஆட்டம் தெரியாது என்றும் சொன்னாள். என்ன கேட்கிறாள் என்று சிசிலி கேட்கவில்லை. கேட்காமல் வந்தது அன்று முழுக்க அவளை உறுத்தியது.

போட்டிக்கு முந்திய நாள் பின்னேரம், மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிப் பள்ளிக்கூடத்து மட்டத்தில் பாதியை மூடியிருந்தது. மற்றப் பிள்ளைகள் லயத்துக்குப் போய்விட்டார்கள். சிசிலி சாமான் அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், பின்னால் இருவரும் நின்றார்கள். வீரம்மாவின் கையில் பந்து. நாகலெட்சுமியின் கையில் கட்டை. தோளில் கை இல்லை.

“என்னா, இன்னும் வீட்டுக்குப் போகலியா?”

வீரம்மா நாகலெட்சுமியை முழங்கையால் இடித்தாள். பிறகு தானே தொடங்கினாள்.

“இவ ராத்திரியில தூங்க மாட்டேங்குறாங்க டீச்சர். எங்க காம்பராவுக்கு நடுவுல சும்மா பலகைதானுங்க. மூக்க உறிஞ்சுற சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் கேக்குது. எனக்கும் தூக்கமில்ல.”

“நான் ஒண்ணும் அழுவல” என்றாள் நாகலெட்சுமி.

“பின்ன தடுமனா?”

சிசிலி இருவரையும் பார்த்தாள். உத்தியில் தோற்பது அதிர்ஷ்டம், அதற்காக மனசு விட்டுவிடக் கூடாது, அடுத்த வருடம் நிச்சயம் என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நாகலெட்சுமி குறுக்கே பேசினாள். அந்தப் பிள்ளை பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டதே இல்லை.

“தோத்தது பரவாயில்லீங்க டீச்சர். ஐவி வெயிலுன்னா, வெயிலுதான். ஆனா எங்க ரெண்டு பேரையும் சமம்னு சொல்லித்தானே சோடி போட்டீங்க. அது நெசமாங்க?”

சிசிலியின் கையில் சாவி குளிர்ந்து கிடந்தது. இல்லை என்றால் வீரம்மாவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் இந்தப் பிள்ளை இனி எத்தனை தரம் பந்தைத் தேயிலைக்குள் அடித்தாலும், அதன் தூரத்தை நம்பப் போவதில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் வீரம்மா மட்டத்தில் இறங்கிவிட்டாள். பனிமூட்டம் மூடாத பக்கமாகப் போய், பந்து போடுகிற இடத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தாள். நாகலெட்சுமி கட்டையோடு அவளுக்கு எதிரே போய் நின்றாள்.

“இவளுக்கு நான் போடுறேன், எனக்கு இவ போடுவா” என்றாள் வீரம்மா. “நல்ல பந்தாத்தான் போட்டுக்குவோம், ஏமாத்து இல்ல. உத்தி வேணாங்க டீச்சர். நீங்க பாத்துட்டு, உங்க வாயால ஒரு பேரச் சொல்லுங்க.”