கசியாத சுவர்

அலுவலகத்தில் அவருக்குச் சுவர்க்காரர் என்று பெயர். அணு உலையைச் சுற்றி ஒரு சுவர் எழும்ப வேண்டுமென்றால், அது எவ்வளவு கனமாக இருந்தால் நியூட்ரான் வெளியே வராது என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவர்தான். வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தூக்கியவரில்லை. பெயர் மட்டும் கொத்தனார் கணக்காக ஒட்டிக்கொண்டது.

அவர் கணக்குப் போட்ட ஒரு சுவருக்குப் பின்னால்தான் அவருடைய ஒரே மகன் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். ரத்தப் புற்றுநோய் வந்தது. வந்த வேகத்தில் கொண்டுபோய்விட்டது.

"உங்க சுவர்தான் என் பிள்ளையைத் தின்னுச்சு" என்றாள் மனைவி. தட்டை வைக்கும்போதும் சொல்வாள், விளக்கை அணைக்கும்போதும் சொல்வாள். அவருக்கும் அதே சந்தேகம்தான்.

தன் கணக்கைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் விதி. தன் முதுகு தனக்குத் தெரியாதே! பக்கத்து மேசை அம்மாளிடம் போய் நின்றார். மேலாளர் கணக்கிலேயே பிழை கண்டுபிடித்து, அதை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தவள் அவள். தன் பழைய கணக்கைக் கண்ணால் பார்க்காமல், வரைபடத்தை மட்டும் வைத்து முதலிலிருந்து போடச் சொன்னார்.

கணக்கின் வழி இதுதான். கணினிக்குள் ஒரு நியூட்ரானைப் பிறக்கவைத்துப் பகடை உருட்டுவார்கள். எவ்வளவு தூரம் ஓடும், எதில் மோதும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே மாளும், எல்லாம் பகடை. இப்படிக் கோடிக்கணக்கில். கனத்த சுவரென்றால் அநேகமாக எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும், மறுபக்கம் எண்ணுவதற்கு ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் முன்னேறிப் போவதையெல்லாம் இரண்டிரண்டாகப் பிரித்து, எண்ணும்போது ஒவ்வொன்றும் பாதிதான் என்று வைத்து அனுப்புவார்கள்.

அவள் விடையோடு வந்தாள்.

"சார், சுவர் நல்ல சுவர்."

"குழாய் போற ஓட்டை இருக்கே. அது வழியா கசியுமே?"

"அதையும் போட்டேன். வளைஞ்சு போகுது, வெளிய வர்றதில்லை."

"கான்கிரீட்ல இருக்கிற தண்ணி வத்தியிருக்கும். தண்ணி இல்லன்னா தடுக்காதும்மா."

"வத்திட்டதாவே வெச்சுப் பார்த்துட்டேன். மண்ணுலருந்தும் வானத்துலருந்தும் நம்ம எல்லார் மேலயும் தினம் படுற கதிர்வீச்சைவிடக் கம்மி."

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"சார்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். "உங்க மேல தப்பில்லன்னு சொல்றேன். நீங்க என்கிட்ட மல்லுக்கு நிக்கிறீங்க."

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தப்பாவது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்திருக்கும். அதுவும் இல்லையென்று ஆயிற்று. எத்தனையோ கோடி நியூட்ரான்களுக்குப் பகடை உருட்டியவர், இதற்கு ஏன் இப்படி விழுந்தது என்று ஒன்றுக்காகவும் கேட்டதில்லை.

இந்தச் சோதனை நடப்பது மனைவிக்குத் தெரியும். சுவரில்தான் பிழை என்று பொய் சொல்லிவிடலாமா என்று வீட்டுப் படியேறும்போது நினைத்தார். அந்தக் கோபம் ஒன்றுதான் அவளை எழுப்பி நடமாட வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் கணக்கில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை.

கதவைத் திறந்ததுமே கேட்டாள். "என்னங்க வந்துச்சு?"

"சுவரால இல்லை."

"அப்ப எதனால?"

"எதனாலயும் இல்லை. வந்துச்சு, அவ்வளவுதான்."

செருப்பு வைக்கும் பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் யாரைங்க திட்டுவேன்?"

"என்னையே திட்டு. எனக்குப் பழகிடுச்சு."

எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தாள்.

"சாப்பிடுங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சோற்றில் கைவைத்தபடி, திட்டு வரும் வரும் என்று வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தார்.